பள்ளிகொண்டாவைத் தாண்டிய பத்மினி

என் பிரியமான ‘என்னங்க’வுக்கு,

ஓடிவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற விஷயமெல்லாம் பிறகு. நம் பழைய பத்மினி கார் போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. பொய்கையில் மக்கர் பண்ணவில்லை. விரிஞ்சிபுரத்தில் படுத்துக்கொள்ளவில்லை. பள்ளிகொண்டாவைத் தாண்டியது. ஓட்டியது யார் தெரியுமா? நான்.

சிரிக்காதீர்கள். லைசென்ஸ் வாங்கப் போன அன்று முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு, மகாராணி மாதிரி இறங்கியவள் நான். நீங்கள்தான் இரண்டாம் தடவை போனீர்கள். அதற்குப் பிறகு நான் ஓட்டாததற்குக் காரணம் பயம் இல்லை. நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் நீங்கள் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உதடு அசைய எதையோ ஜபிப்பீர்கள். அந்த அவமானத்தைவிடப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உங்களைத் திருத்துவது மேல் என்று முடிவு செய்தேன். அதையும் நன்றாகவே செய்தேன், இல்லையா?

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் போனை நான் அணைக்கவில்லை. மற்றவர்கள் அழைப்பது நின்றுபோனாலும், ‘பாலாறு வண்டிக்காரர்கள்’ வாட்ஸ்அப் குழு மட்டும் ஓயவே இல்லை. காலையில் காபி குடிக்கும் முன்பே டிங் டிங் என்று ஆரம்பித்துவிடுவார்கள். லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே ஒரு பச்சை அம்பாசிடர் மாட்டிக்கொண்டு நிற்கிறது, யாருடையது என்று ஒரு படம். பிரேக் பிடித்தால் கிரீச் என்கிறது, ஏன் என்று ஒரு கேள்வி. அதற்குப் பதினைந்து பேர் பதினைந்து பதில்.

முதலில் படித்துவிட்டு வைத்துவிடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், ‘ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஆச்சரியக்குறி போதும்’ என்று எழுதிவிட்டேன். உங்கள் பெயரிலிருந்து செய்தி வந்ததும் குழுவே பயந்துபோனது. பிறகு உங்கள் தோஸ்த் இஸ்மாயில் பாய்தான் மேல்விஷாரத்திலிருந்து போன் செய்தார். உங்களோடு ஆம்பூரில் ஒரே ஷெட்டில் தோல் தரம் பார்த்தவர் ஆயிற்றே, அவருக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை.

“பாபி, நீங்கதானே? அவன் உயிரோட இருந்தப்பவே ஒரு நாளும் கமா போட்டதில்ல. செத்த பிறகா போடப் போறான்?”

அன்றிலிருந்து நானும் ஒரு வண்டிக்காரி.

குடியாத்தம் பாஸ்கரை நினைவிருக்கிறதா? லுங்கித் தறி வைத்திருக்கிறாரே, அவர்தான். இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். என்னை வேலூர்க் கோட்டையைச் சுற்றி ஒரு சுற்று அழைத்துப் போனார். எப்படி இருக்கிறது என்று குழுவில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: ‘இருக்கை நன்று. குளிர்ச்சி நன்று. வேகம் மிக நன்று. ஆனால் சத்தமே இல்லாத வண்டியில் போவது, கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கும் மனிதரோடு ஒரே அறையில் இருப்பது போல் இருக்கிறது.’ பாஸ்கர் அதற்கு அழுகிற முகம் ஒன்று போட்டார். மற்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் நம் பிரபு ஓசூரிலிருந்து வந்து அந்தப் பேச்சை எடுத்தான்.

“அம்மா, பத்மினிக்கு நல்ல பார்ட்டி வந்திருக்கு. ஹைவேயில ஓட்டல் கட்டறாங்க. வண்டியை அழகா வெச்சுப்பாங்க.”

“எங்கே வெச்சுப்பாங்க?”

“வாசல்ல. முன்பக்கத்தை மட்டும் வெட்டி சுவத்துல பதிச்சுருவாங்க. லைட்டெல்லாம் எரியும். வர்றவங்க நின்னு செல்பி எடுத்துக்குவாங்க.”

“பின்பக்கம்?”

“அதுல சோபா பண்றாங்களாம்.”

“என்னை எங்கேடா வெட்டறதா இருக்கே? இடுப்புலயா, கழுத்துலயா?”

“ஐயோ, நீ ஏம்மா அதையும் உன்னையும் ஒண்ணாப் பேசறே? ஓடற வண்டின்னா நான் கேட்பேனா? பத்து கிலோமீட்டர் போனா நின்னுடுது. அப்பா இருந்தப்பவே நின்னுச்சு. போர்ட்டிகோவை அடைச்சுக்கிட்டு இருக்கு.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் இருந்த கடைசி வருடம் முழுவதும் அது நம்மை நடுரோட்டில் நிறுத்தியது. நன்றாக ஓடும், இருமும், தலையாட்டும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். வேலூர் வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது என்று சொல்லி, பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினீர்கள். இக்னிஷன் காயில் மாற்றினீர்கள். பம்ப் மாற்றினீர்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கார்புரேட்டரை ஒருதடவை பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ உறுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

“ஓடினா?” என்று பிரபுவைக் கேட்டேன்.

“ஓடினா நீயே வெச்சுக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்க குரூப் ஆம்பூர் வரைக்கும் போறாங்க. நான் பத்மினியை ஓட்டிக்கிட்டுப் போறேன். நீ பக்கத்துல உட்காரு. வழியில ஒருதரம் நின்னாலும் அங்கேயே உன் ஓட்டல்காரனுக்குப் போன் போடு.”

சொன்ன பிறகுதான் என் வாய் என்ன சொல்லிவிட்டது என்று எனக்கே புரிந்தது. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டா?

குழுவில் விஷயத்தைப் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், டேங்கில் அழுக்கு, பிளக், எர்த் என்று ஆளாளுக்கு ஒரு நோய் கண்டுபிடித்தார்கள். வந்து பிரித்தார்கள், துடைத்தார்கள், பூட்டினார்கள். உங்கள் ஆசைப்படி கார்புரேட்டரையும் பிரித்தாகிவிட்டது. கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது, கவலைப்படாதீர்கள். எல்லாம் முடிந்து சோதனைக்கு எடுத்துப் போனால் மறுபடியும் விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருமல், தலையாட்டல். உடனே எதிரில் இருந்த பங்க்கில் நுழைந்து பெட்ரோல் போட்டோம். வீடு வரை சமர்த்தாக வந்தது.

“டேங்க்ல ஜாஸ்தி இருந்தாதான் பத்மினி மேடத்துக்கு மரியாதை போல,” என்றார் பாஸ்கர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பெட்ரோல் போட்ட பிறகு ஒருநாளும் இது நின்றதில்லையே என்று. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போக எனக்கு அப்போது தெரியவில்லை.

ஞாயிறு காலை. பிளாஸ்க்கில் காபி எடுத்துப் போகலாம் என்றால் பால்காரர் வரவில்லை. பிரபு டின் பாலில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துவைத்துக்கொண்டு நின்றான்.

“பாலே வரலைம்மா. கெட்டுப்போச்சோ?”

“எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடு. காத்து உள்ளே போனாதான் பால் வெளியே வரும். எங்க கான்வென்ட் சிஸ்டர்கிட்ட நீ படிச்சிருந்தா இதுக்கே முட்டியில அடி விழுந்திருக்கும்.”

இன்னொரு ஓட்டை போட்டான். பால் கொட்டியது. கிளம்பினோம்.

வாசலில் இஸ்மாயில் பாயின் வெள்ளை அம்பாசிடர் முன்னால் நின்றது. பின்னால் பாஸ்கரின் மின்சாரக் கார். அதன் டிக்கியிலிருந்து தடிமனான கயிறு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“சும்மா ஒரு சேப்டிக்கும்மா.”

“உன் தறியில கட்டிக்கோ,” என்றேன்.

நான் உட்கார்ந்தேன். சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன். முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது! உங்களுக்கு எப்போதும் மூன்று தடவை வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்து கியரைப் போட்டபோது கை நடுங்கியது என்று பிரபு குழுவில் எழுதியிருக்கிறான். அது பொய். வளையல் ஆடியது.

என்னங்க, இதை எப்படிச் சொல்வேன்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்த சாலை வேறு, இந்தச் சாலை வேறு. அந்தப் பெரிய சக்கரத்தை மெல்லத் திருப்பினால் வண்டி முழுக்க ஒரு யோசனையோடு திரும்புகிறது. வேகம் ஏறும்போது தரை வழியாகக் கால் விரல் வரை ஒரு நடுக்கம் வருகிறது. இத்தனை வருடம் இந்தச் சந்தோஷத்தை நீங்கள் தனியாக அனுபவித்துக்கொண்டு, ‘ஓட்டறது பெரிய கஷ்டம்’ என்றல்லவா என்னிடம் முகத்தைச் சுளித்துக் காட்டினீர்கள்? கோணவட்டத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் சல்யூட் அடித்தார். பொய்கைக்கு அருகில் அந்தப் பச்சை அம்பாசிடர், லாங் பஜாரில் மாட்டிக்கொண்டதே அதுதான், எதிரே வந்து ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தது. நானும் போட்டு அணைத்தேன். அந்த மனிதர் யாரென்று தெரியாது. ஆனாலும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

விரிஞ்சிபுரத்தைத் தாண்டியதும் பிரபு வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “பரவாயில்லையேம்மா,” என்றான். சொல்லி வாய் மூடவில்லை.

இருமியது.

பள்ளிகொண்டா டோல்கேட்டுக்குச் சற்று முன்னால். அதே இருமல், அதே தலையாட்டல். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூச்சுத் திணறுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தது. டோல்கேட்டில் முன்னால் யாருடைய பாஸ்டேக் ஸ்டிக்கரோ ஸ்கேன் ஆகவில்லை போல, நீளமான வரிசை. நானும் வரிசையில் போய் நின்றேன். என்ஜின் இன்னும் சாகவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான். பாதி வண்டி சுவரில் லைட் எரிய நிற்பதும், மீதியில் யாரோ உட்கார்ந்து பரோட்டா தின்பதும் என் கண் முன்னால் வந்தது.

பிரபு காபி பிளாஸ்க்கைத் திறந்தான். மூடியின் அடியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தவுடன் தலைக்குள் ஏதோ சடக்கென்று திறந்தது. டின் பால். ஒரு ஓட்டை. காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். பங்க்கில் நாம் என்ன செய்கிறோம்? பெட்ரோல் போடுவது இருக்கட்டும், அதற்கு முன்னால் மூடியைத் திறக்கிறோமே!

“பிரபு, இறங்கு. பெட்ரோல் மூடியைத் திற.”

“இன்னாம்மா இது, டோல்ல வெச்சா?”

“இறங்குடா!”

“பின்னாடி லாரிக்காரன் திட்டறான்…”

“அவனையும் இறங்கிப் பிடிக்கச் சொல்லு. ஓடு!”

என் குரலில் என் பழைய சிஸ்டர் யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஓடினான். ஜன்னல் வழியாகக் காதை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது: உஸ்ஸ்ஸ்! இறுக்கி மூடிய ஜாம் பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே மூச்சு. அதை விட நீளமாக. டேங்க் முழுவதும் காற்றுக்காக வாயைப் பிளந்துகொண்டிருந்திருக்கிறது.

கொஞ்சம் பொறுத்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இருமல் ஒன்று, இரண்டு, பிறகு கணகணவென்று பிடித்துக்கொண்டது. நான் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சத்தம் போட்டுச் சிரித்தேன். டோல்கேட் பெண் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

பிரபு கையில் மூடியோடு வந்தான்.

“அம்மா, மூடிக்குள்ள இது இன்னா? தோலு மாதிரி இருக்கு.”

தோல் மாதிரி இல்லை, தோலேதான். மூடியின் உட்புறம் அளவெடுத்து வட்டமாக வெட்டி, சுருக்கம் இல்லாமல் ஒட்டிய தோல். ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு யார் கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா?

குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்மினியில் போனது உடனே நினைவுக்கு வந்தது. என் பட்டுப்புடவை முழுக்கப் பெட்ரோல் வாசனை. என் பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள் என்று அன்று உங்களிடம் சொன்னேன். மறுவாரம் வாசனை நின்றுவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ‘சரி பண்ணிட்டேன்’ என்று பெருமையாகச் சொன்னீர்கள். எப்படி என்று சொல்லவில்லை. பிறகு கோடை வந்தது, வண்டி நிற்க ஆரம்பித்தது, எல்லோரும் வெயிலைத் திட்டினோம்.

ஆம்பூர் போகும்வரை தோலை எடுத்துவிட்டு மூடியை மட்டும் போட்டு ஓட்டினேன். உள்ளே அந்தப் பழைய பெட்ரோல் வாசனை வந்தது. அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆம்பூரில் இறங்கியதும் பிரபு ஒரு கேள்வி எழுப்பினான், உங்கள் மகன் அல்லவா. “டோல்ல நின்னுச்சே, அது கணக்கா இல்லையா?”

இஸ்மாயில் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். “டோல்ல நிக்காம போறதுக்கு அது இன்னா ஆம்புலன்ஸா? என் வண்டியும் நின்னுது, பாஸ்கர் வண்டியும் நின்னுது. மூணையும் வெட்டி சோபா போடறியா?”

அதோடு பிரபு வாய் திறந்தது பிரியாணிக்கு மட்டும்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். பாஸ்கர் சார்ஜ் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். கயிறு வேண்டுமா என்று விசாரித்தேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு இஸ்மாயில் பாய் அந்தத் தோல் வட்டத்தைக் கேட்டு வாங்கினார். முதலில் முகர்ந்தார். பிறகு விரலால் வளைத்துப் பார்த்தார். பிறகு, நீங்களும் அவரும் எல்லாவற்றையும் செய்வீர்களே, அதே மாதிரி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். என் அம்மா கொடுத்த சேலையையே அப்படித் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடியவர் அல்லவா நீங்கள்?

“சின்ன ஓட்டை கூட இல்ல பாபி. உண்ணி கடிச்ச தழும்பு கூட இல்ல. இந்தப் பக்கம் பாருங்க.”

சொரசொரப்பான பக்கத்தில், நடுவில், சின்னதாக ‘1’ என்று எழுதியிருந்தது. முதல் தரம். பெட்ரோல் மூடிக்குள் போட்டுப் பூட்டப்போகிற துண்டுக்கும் தரம் பார்த்துக் குறி போட்டிருக்கிறீர்கள்!

“மூடியில காத்து போக ஒரு பொட்டு ஓட்டை இருக்கு பாருங்க,” என்றார் அவர். “அதை அவன் கண்டிப்பாப் பார்த்திருப்பான். தோல்லயும் அதுக்கு நேரா ஒண்ணு போட்டிருக்கணும். போட மாட்டான் பாபி. எங்களால முடியாது. காலம் பூரா ஓட்டை இருக்கிற தோலைத் தூக்கி ஒதுக்கினவங்க நாங்க. நல்ல தோல்ல நாங்களே ஓட்டை போடறதா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும்தான் சிரித்தேன். கார்புரேட்டரையும் பம்ப்பையும் வெயிலையும் குற்றம் சொன்னோமே, உங்கள் முதல் தரம்தான் அந்த வண்டியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது! இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிரித்திருப்பீர்களா? அல்லது இரண்டு நாள் என்னோடு பேசாமல், அந்த மின்சாரக் கார் மாதிரி வளைய வந்திருப்பீர்களா?

தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் வாங்கலாம் என்றான் பிரபு. நானும் பாயும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தோம்.

பாய் தன் டிக்கியிலிருந்து தோலில் துளை போடும் பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். ஒரு மரக்கட்டை மேல் உங்கள் தோலை வைத்தார். பஞ்ச்சை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

“கை வர மாட்டேங்குது பாபி. அவன் ஒண்ணுன்னு குறி போட்டிருக்கான்.”

“நகருங்க பாய்,” என்றேன்.

அந்த ‘1’ஐத் தொடாமல் அதற்குப் பக்கத்தில், மூடியின் துளைக்கு நேராகப் பஞ்ச்சை நிறுத்தினேன். ஒரே அடி. பொட்டு அளவுக்கு ஒரு தோல் துண்டு தெறித்து விழுந்தது. அதைப் பாய் குனிந்து தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போது அது என் கைப்பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

திரும்பி வந்தோம். நல்ல மதிய வெயில். பம்ப்புக்கு ஈரத்துணி கிடையாது. பெட்ரோல் வாசனை இல்லை. இருமல் இல்லை. டோல்கேட் பெண் என்னை அடையாளம் கண்டு கையசைத்தாள். மறுபடியும் விரிஞ்சிபுரம், மறுபடியும் பொய்கை. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எனக்கு இறங்க மனமில்லை. பிரபு ஓட்டல்காரருக்குத் தன் வாயாலேயே போன் போட்டு, “இல்லைங்க, அம்மா ஓட்டறாங்க,” என்று சொன்னான். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

பம்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு. புடவையைப் பற்றி நான் சொன்னது சரி. ஆனால் என் புடவைக்காக முதல் தரத்தையே வெட்டிய மனிதரிடம் இதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வாக்குத் தருகிறேன். என் கண்ணும் காலும் ஒத்துழைக்கும்வரை பத்மினி பாதியாகாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பாலாற்றோரம் ஓடும், நான்தான் ஓட்டுவேன். பக்கத்து சீட் இனி உங்களுடையது. என் அனுமதியோடு வேறு யார் உட்கார்ந்தாலும் அது உங்களுடையதுதான். வேண்டுமானால் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
டிரைவர் சீட்டிலிருந்து,
உங்கள் மனைவி
சுலோசனா